எதிர்க்கட்சி

டொலீடோ, ஒஹாயோ
19 பிப்ரவரி 1979

அன்புத் தம்பி காஸுக்கு,

அக்கா எழுதுவது. நானும் ரே அத்தானும் குளிரில் விறைத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், ரமோனாவின் மூச்சிரைப்பு குறைந்ததா என்று எழுது. எனக்கு வயிறுதான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சமைத்ததை நானே சாப்பிட்டதற்கு வந்த தண்டனை என்கிறார் உன் அத்தான்.

நம் ஊர் ஃபுட்பால் அணி, அந்தக் கண்ணாடிக்காரர்கள், இந்த வருஷமும் மானத்தை வாங்கிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் எழுந்து போகலாம் என்றால் கால் பனியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. போகட்டும். மே மாதம் டிராஃப்ட். கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும்போது நமக்கு ஒன்பதாவது முறை வருகிறது. என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ரூபன் கேஸ். பந்து பிடிப்பதில் இந்தத் தேசத்தில் அவனுக்கு ஈடு இல்லை. நம் லூ டிரெஸ்கோவுக்கு முப்பத்தாறு வயசாகிறது. இன்னும் ஒரு வருஷம் அவன் தோள் பந்து எறியும். எறிவதைப் பிடிக்க ஒரு ஆள் கொடுத்தால் இந்த வருஷமே கோப்பை.

உங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், டெல்பர்ட் யூரி, டிரெஸ்கோவின் இடத்துக்கு வருவான் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அவனை மூன்று வருஷம் பெஞ்சில் உட்காரவைத்துப் பழக்க வேண்டுமாம். மூன்று வருஷம் யார் காத்திருப்பது? பேப்பர் துண்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வழக்கம்போல உளறு.

ரமோனாவுக்கு என் முத்தம்.

பெர்னிஸ்


டூசான், அரிசோனா
3 மார்ச் 1979

அக்காவுக்கு, அல்லது அக்கா பெயரில் எழுதும் வேறு யாருக்கோ,

நாங்கள் நலம். ரமோனாவுக்கு இந்த வறண்ட காற்று ஒத்துக்கொண்டது. எனக்குத்தான் பஸ் ஷெட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் வயிற்றுக்கு டாக்டரைப் பார். அத்தானின் ஜோக்கை மருந்தாகச் சாப்பிடாதே.

இந்தக் கடிதத்தை எழுதியது நீதானா? நாற்பது வருஷமாக 'பொறு, பொறு, மாவு உப்பட்டும்' என்று என் காதில் ஓதியவள் நீ. அவசரக்குடுக்கை நான். எந்த வருஷமும் பெரிய பெயரைக் கேட்டு நான் குதிப்பேன், சின்னப் பையன்களை வளர்க்கச் சொல்லி நீ என் வாயை அடைப்பாய். இப்போது என் நாற்காலியில் நீ வந்து உட்கார்ந்துகொண்டாயே, நான் எங்கே போவது?

போகிற இடம் தெரியும். அப்பா போட்ட சட்டம் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை சூப் கிண்ணத்தைத் தட்டித் தட்டிச் சொல்வார்: "ரெண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுனா அது ஜெபமாலைடா, பேச்சு இல்ல. எவனாவது ஒருத்தன் எதிர்க்கட்சியில உக்காருங்க." அதன்படி இந்த வருஷம் பொறுமைக் கட்சி என்னுடையது. டெல்பர்ட் யூரிதான் என் ஆள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. போன இலையுதிர் காலத்தில் ரமோனாவையும் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். புழுதி மைதானம், ஆடு மேய்கிற வேலி. அவன் எறிந்ததை ஒருத்தன் மூன்று தடவை கோட்டைவிட்டான். நாலாவது தடவையும் அவனுக்கே எறிந்தான் இந்தப் பையன்! அவன் பிடித்துவிட்டான். எனக்குப் பக்கத்தில் நின்ற பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நம்ம ஊர்ப் பாதிரியாருக்குக்கூட இவ்வளவு நம்பிக்கை கிடையாதுங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவன் அடிமை. மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷம் காத்திருப்பேன்.

உன் ரூபன் கேஸ் ஒரு கல்யாணக் கேக். பார்க்க அழகு, மறுநாள் காய்ந்துவிடும்.

எதிர்க்கட்சித் தலைவன்,
காஸ்


டூசான்
14 மார்ச் 1979

அன்புள்ள அண்ணிக்கு,

ரமோனா எழுதுவது. ஞாயிறன்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் 'உடம்பு எப்படி இருக்கு' என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். நீங்கள் கடையில் முட்டை விலை சொல்கிற மாதிரி, "கட்டியாம், வெட்டி எடுக்க முடியாதாம், கிறிஸ்துமஸைப் பாத்தா அதிகமாம்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் காஸிடம் கொடு என்றீர்கள். அவர் போனை வாங்கி உங்களோடு கேஸையும் டெல்பர்ட்டையும் பற்றிக் கத்தினார். நான் குளியலறையில் போய் அழுதேன்.

அவரிடம் சொல்லக்கூடாது என்கிறீர்கள். என்னால் எப்படி முடியும் அண்ணி? உங்களுக்கு ஒன்று என்றால் உயிரையே விடுகிற மனுஷர். பிற்பாடு தெரிந்தால் என்னை மன்னிப்பாரா? யோசித்துப் பதில் எழுதுங்கள். கடிதம் பகலில் வரும், நான்தான் எடுப்பேன்.

உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

ரமோனா


டொலீடோ
22 மார்ச் 1979

அன்பு ரமோனா,

உன் மெழுகுவர்த்திக்கு நன்றி. இன்று கொஞ்சம் சூப் தங்கியது.

ஏன் சொல்லக்கூடாது என்று கேட்கிறாய். தெரிந்த நாளிலிருந்து ரே என்னோடு எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை. நேற்றுக் காபியில் கை தவறி உப்புப் போட்டுவிட்டேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு பெர்னி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதிரியார் தலையாட்டுகிறார், டாக்டர் தலையாட்டுகிறார், பள்ளிக்கூடத்தில் என்னை அடுப்பண்டை விடாமல் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். செத்தவளிடம்தான் யாரும் சண்டை போடமாட்டார்கள். நான் இன்னும் சாகவில்லையே?

காஸ் ஒருவன்தான் என்னைக் கிழவி என்றும் முட்டாள் என்றும் எழுதுகிறான். அவன் கடிதம் வருகிற அன்று நான் பழைய பெர்னிஸ். அவனுக்குத் தெரிந்துவிட்டால் அவனும் "ஆமாம் அக்கா" ஆகிவிடுவான். அதை என்னால் தாங்க முடியாது. இந்த ஒரு டிராஃப்டையாவது எனக்கு விட்டுவை.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடிக்காரர்கள் என் ஆயுசில் கோப்பை வாங்கியதில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஆசை. பொறுமையைப் பற்றி உன் புருஷனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஆயுசு இருக்கிறவர்களின் பேச்சு என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்னைப் பாரம் சுமக்க வைப்பதற்கு மன்னித்துக்கொள்.

பெர்னிஸ்


டொலீடோ
17 ஏப்ரல் 1979

காஸுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேலை முறிக்கிறது. உடம்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், பழைய பாவாடையெல்லாம் சேருகிறது. பொறாமைப்படு.

உன் பண்ணைக்காரர் சாட்சியைப் படித்தேன். ஆட்டுக்கு முன்னால் எறிந்தவன், ஆறு அடி மூன்று அங்குல மலைகள் மேலே விழ ஓடி வரும்போது எறிவானா? அவன் கல்லூரி ஆடிய அணிகளின் பேரைப் பார்த்தேன். பாதி பேர் தச்சுவேலை படிக்கிறவர்கள். கேஸ் பெரிய அணிகளோடு மோதி வந்தவன். செப்டம்பரில் இறக்கினால் செப்டம்பரிலேயே ஓடுவான். எனக்கு வேண்டியது செப்டம்பர்.

ஒரு வேடிக்கை. ஈஸ்டருக்குக் கொத்துக்கறிச் சுருள் வாங்கப் போனேன். கசாப்புக்கடை ஃபெலிக்ஸ் உன்னைவிடப் பெரிய டெல்பர்ட் பைத்தியம். கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவான் என்று தயாராகப் போனால், "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் பெர்னிஸக்கா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இரண்டு சுருள் கூடப் போட்டுக் கட்டினான். என்ன வந்ததோ அவனுக்கு. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஆகவே நீதான் மிச்சம். தோற்கத் தயாராக இரு. தோற்றவர் எழுத வேண்டிய வாக்கியம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

பெர்னிஸ்


டூசான்
6 மே 1979

தோற்றுப்போன என் அக்காவுக்கு,

ஹா! ஹா! ஹா!

ஒன்பதாவது முறையில் டெல்பர்ட் யூரி! ரேடியோவில் பேரைச் சொன்னதும் ஷெட்டில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவன் எழுந்து தலையை இடித்துக்கொண்டேன். நெற்றியில் வீக்கத்தோடுதான் எழுதுகிறேன். உன் கல்யாணக் கேக்கை அடுத்த முறைக்காரன் வாங்கிப் போய்விட்டான். சாப்பிடட்டும்.

பிடிவாதக் கிழவியே, இப்போது என்ன சொல்கிறாய்? மூன்று வருஷம் என்றால் உனக்கு முடியவில்லையா? எண்ணிப் பார். டெல்பர்ட்டுக்கு வயசு இருபத்திரண்டு. இன்னும் பதினைந்து வருஷம் நமக்குக் கவலை இல்லை. உனக்கு எழுபத்துமூன்று வயசாகும்போது பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் எழுந்து நின்று கத்துவாய், "என் தம்பி அன்னைக்கே சொன்னான்!" என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சிரிப்பேன்.

ரமோனா இதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பாதீங்க, ரொம்ப அதிகம்" என்கிறாள். கண் வேறு கலங்குகிறது. உங்கள் இருவரின் சண்டையை இந்தப் பெண்ணால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

வாக்கியத்தை எழுதி அனுப்பு. ஒரு எழுத்துக் குறையக்கூடாது.

வெற்றி வீரன்,
காஸ்


டொலீடோ
24 ஜூன் 1979

காஸுக்கு,

எல்லோரும் நலம். கோடைச் சளி பிடித்து எழுத முடியாமல் போயிற்று. எழுத்துக் கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

'நீ சொன்னதே சரி, நான் வடிகட்டின முட்டாள்.'

எழுதிவிட்டேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள். எழுபத்துமூன்று வயசுக் கிழவியைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தை ரேயை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். நன்றாக எழுதியிருந்தாய்.

பெர்னிஸ்


டூசான்
5 ஆகஸ்ட் 1979

என் அன்பான அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பாடு இறங்குகிறதா? தூக்கம் வருகிறதா? இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஷெட்டில் வேலை அதிகம். வெயிலில் வெளியே உட்காராதே. அத்தானைத் தோட்ட வேலை பார்க்கச் சொல்.

அணியைப் பற்றிப் பேப்பரில் பார்த்தேன். மேற்கே ஒரு அணி தன் பெரிய ஆட்டக்காரன் மெர்ல் ஹாப்ஸைத் தருகிறதாம். பதிலுக்கு நம் டெல்பர்ட்டையும் அடுத்த வருஷத்து டிராஃப்டில் நம் முதல் முறையையும் கேட்கிறதாம். நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. கொடுத்துவிடலாம். நீ பிப்ரவரியில் சொன்னதுதான் சரி. டிரெஸ்கோ எறிவதைப் பிடிக்க நல்ல கை ஒன்று வேண்டும். ஹாப்ஸ் வந்தால் இந்த வருஷமே கோப்பை வரலாம். டெல்பர்ட் நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன்கள் எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அணி மேலாளருக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், ஹாப்ஸை வாங்கச் சொல்லி.

நீ சொன்னது எல்லாமே சரி அக்கா. உனக்கு என்ன வேண்டும் என்றாலும் எழுது. எது வேண்டுமானாலும்.

உன் தம்பி,
காஸிமிர்


டொலீடோ
13 ஆகஸ்ட் 1979

அடே மண்டூகமே,

உனக்குத் தெரிந்துவிட்டது. ரமோனாவைத் திட்டாதே, அவள் தாங்கினது பெரிது. முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. நீ என்னை 'என் அன்பான அக்கா' என்று எழுதியது ஆயுசில் இதுதான் முதல் தடவை. காஸிமிர் என்று முழுப் பேரைக் கையெழுத்துப் போட நீ என்ன பிஷப்பா?

சரி, பேசிவிடுவோம். வலி இருக்கிறது. மருந்து கொடுக்கிறார்கள், முக்கால்வாசி நேரம் தூங்குகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. உன்னை விட்டுப் போகிறேனே என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். அது ஆயிற்று. செப்டம்பர் பதினாறு ஞாயிறு இங்கே ஆட்டம். அதற்கு வா. வந்து அழுவதென்றால் அரைமணி அழுதுகொள், பிறகு ஆட்டம் பார்க்க வேண்டும்.

இப்போது கேள். அந்தப் புழுதி மைதானத்துப் பையனை நீ என் பேரைச் சொல்லி விற்றுத் தின்னப் பார்க்கிறாய். நான் போன பிற்பாடு அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும் ஞாயிற்றுக்கிழமை வரும். நீ ரேடியோவைப் போட்டுக்கொண்டு யாரைக் கேட்பாய்? ஹாப்ஸையா? அவனுக்கு முழங்கால் போய்விட்டிருக்கும். எனக்கு ஒரு கோப்பை வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மை. அது ஆசை. அதற்கு உன் பதினைந்து வருஷத்தை விலையாகக் கேட்கமாட்டேன்.

ஆகவே நான் கட்சி மாறிவிட்டேன். பழைய கட்சிக்கே. டெல்பர்ட்டை விற்கக்கூடாது. நீ எதிர்க்கட்சியில் உட்கார். ஒழுங்காக, மரியாதை இல்லாமல் எழுது. தலையாட்ட இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது நீ.

பெர்னிஸ்


டூசான்
27 ஆகஸ்ட் 1979

வடிகட்டின முட்டாளுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. ரமோனா வந்து முன்னால் நின்றாள். "அண்ணி கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூடக் குடுக்க மாட்டீங்களா?" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

கேள் கிழவி. டெல்பர்ட்டை விற்கத்தான் வேண்டும். உனக்கு ஆட்டம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சூப்புக்கு உப்புப் போடத் தெரியாதவள் அணிக்கு ஆள் பொறுக்க வந்துவிட்டாள்! நீ பொறுமை பொறுமை என்று காத்த பையன்கள் லட்சணம் எனக்குத் தெரியாதா? அறுபத்து நாலில் ஒருத்தனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினாயே, அவன் இப்போது சலவை இயந்திரம் விற்கிறான். பொறுமை என்பது தோற்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அணிகள் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே செத்துப்போகின்றன.

ஹாப்ஸுக்கு முழங்கால் போய்விடும் என்கிறாய். போகட்டும்! டிசம்பர் வரை ஓடினால் போதும். எனக்கு வேண்டியது இந்த வருஷம். இந்த ஒரே வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி உன்னை யாரும் கேட்கவில்லை. உன்னிடம் பதில் இருந்தால் எழுது. இருக்காது. உன் கட்சியில் சரக்கு இல்லை.

பதினாலாம் தேதி விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். பதிலோடு காத்திரு. தோற்றால் வாக்கியத்தை வாயால் சொல்ல வேண்டும், ரமோனா சாட்சி.

காஸ்


டொலீடோ
1 அக்டோபர் 1979

அன்புள்ள காஸ்,

ரே அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ஃபெலிக்ஸ் தினமும் ஏதாவது கறி கொண்டுவந்து வைக்கிறான். நீங்கள் இருவரும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரமோனாவுக்கு என் அன்பு.

அடக்கத்துக்கு நீ வந்திருந்த நாட்களில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு நிறைய ஆட்கள். நீயும் பேசுகிற நிலையில் இல்லை.

உன் கடைசிக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள் வந்தது. ஆட்டக்காரர்கள் பேரை நான் தப்புத்தப்பாகப் படித்ததற்கு ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். சூப்புக்கு உப்பு என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், இருந்தும் சிரித்தாள். சலவை இயந்திரம் என்ற இடத்தில், "பொய்! அவன் விக்கறது குளிர்சாதனப் பெட்டி" என்று கத்தினாள். பல வாரமாக அவள் குரல் அப்படி வந்ததில்லை. முழுக்க முடித்ததும், "திருப்பிப் படி" என்றாள். படித்தேன்.

அப்புறம் தலையணையை நிமிர்த்தச் சொன்னாள். "பேனாவை எடு ரே. இந்தக் கழுதைக்கு இன்னைக்கே பதில் போகணும்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அது இதுதான்:

"விக்கக் கூடாது. ரெண்டு காரணம். ஒண்ணு, டிரெஸ்கோ தோள் நவம்பரைத் தாண்டாது. அப்புறம் உன் ஹாப்ஸுக்கு யாரு எறிவா, நீயா? பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு எறிவியா? ரெண்டாவது..."

அங்கே நிறுத்தினாள். "ரெண்டாவதுதான் பெரிசு. அதக் கேட்டா அவனால வாயத் தொறக்க முடியாது. கொஞ்சம் கண்ணை மூடிட்டுச் சொல்றேன்" என்றாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் ஆயிற்று. எழுப்ப மனம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கண் திறந்தாள், ஆனால் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

அந்த வியாபாரம் நடக்கவில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அவளோடு முப்பத்தைந்து வருஷம் இருந்தும் இந்த ஆட்டத்தை நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது ராத்திரி படுத்தால் அதே நினைப்பாக இருக்கிறது. பெரியது என்றாளே, அது என்னவாக இருக்கும்?

நீ அவளோடு நாற்பது வருஷம் சண்டை போட்டவன். உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது காஸ்.

ரே